பானைக்குள் விழாத அரிசி

ஆய்வுச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தாள் அந்த மாணவி. தலைப்பு: ‘திருவண்ணாமலைப் பெண்களின் பேச்சு வழக்கும் வாழ்வனுபவமும்’. எத்தனை பேரிடம் பேசப்போகிறாய் என்று கேட்டேன். இருநூறு என்றாள். எந்த இருநூறு?

“மகளிர் குழு லிஸ்ட் இருக்கு மேடம். எங்க அத்தை ஒரு குழுவுக்குத் தலைவி. அவங்க மூலமா அம்பது குழுவோட லிஸ்ட் கிடைச்சிருக்கு. சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கப்போறேன். ராண்டம்தான்.”

அவள் சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது. தெரிந்தவர்கள் இருநூறு பேரைப் பிடித்து முடித்துவிட்டு, “சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்” என்று எழுதிவிடும் ஆய்வேடுகள் எத்தனையோ இருக்கின்றன. இவள் உண்மையாகவே குலுக்கப்போகிறாள். ஆனால் குலுக்கும் டப்பாவுக்குள் யாருடைய பெயர்ச் சீட்டு போடப்பட்டிருக்கிறது என்பதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கடன் வாங்கித் திருப்பிக் கட்ட முடியும் என்று மற்ற பெண்கள் நம்பும் பெண்தான் குழுவில் இருப்பாள். தவணை கட்ட முடியாத கிழவி, ஊர் ஊராகப் போய்ச் செங்கல் அறுக்கும் பெண், கோயில் மதிலோரம் படுத்திருக்கும் பெண் ஆகியோரின் பெயர் அந்த டப்பாவில் இல்லை. எத்தனை முறை குலுக்கினாலும் அவர்கள் கையில் வரமாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்த டப்பாவைப் பற்றியது. புள்ளியியல் பாடநூல்கள் அதை முழுமைத் தொகுதி என்கின்றன. நம் வகுப்பறைகளில் பாப்புலேஷன் என்கிறோம். யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவர்கள் அனைவரும் அடங்கியது முழுமைத் தொகுதி. அதிலிருந்து நாம் எடுப்பது மாதிரி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அது நம் கையில் உண்மையில் இருக்கும் பட்டியல். மாதிரிச் சட்டகம் என்பார்கள். ‘திருவண்ணாமலைப் பெண்கள்’ என்பது என் மாணவி மனத்தில் இருந்த முழுமைத் தொகுதி. 2011 கணக்கெடுப்பின்படி 24 லட்சத்து 64 ஆயிரம் பேர் வாழும் மாவட்டம் இது. அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். அவள் கையில் இருந்ததோ அத்தை கொடுத்த பட்டியல். ஆய்வேட்டின் அட்டையில் முதலாவது இருக்கும். உள்ளே இரண்டாவதுதான் பேசும். இந்த இடைவெளியில்தான் பெண்கள் காணாமல் போகிறார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் சமையலறை கண்டுபிடித்த மாதிரித் தேர்வு. அது ஏன் பலிக்கிறது என்று சமைப்பவளுக்குத் தெரியும். பானைக்குள் இருப்பது ஒரே அரிசி. அது ஒரே தண்ணீரில் ஒரே நெருப்பில் வெந்திருக்கிறது. கரண்டி போட்டு ஒருமுறை கிளறிவிட்டுத்தான் அவள் பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்து போட்டிருந்தால் ஒரு பருக்கையை நம்பமாட்டாள். அந்தப் பருக்கையால் சொல்லவே முடியாத சேதி ஒன்றும் உண்டு. கழுவும்போது தரையில் சிந்தியதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மாதிரியின் அளவைக் கூட்டினால் இந்தக் குறை தீரும் என்று நம்புகிறவர்களுக்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலை நினைவூட்டுவது வழக்கம். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் பெருவெற்றி பெற்றார். பத்திரிகையின் முகவரிப் பட்டியல் பெருமளவு தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. பதில் அனுப்பும் ஆர்வம் இருந்தவர்களே பதில் அனுப்பினார்கள். பஞ்சகாலத்து ஏழைகளின் வாக்கு அந்த அஞ்சல் பையில் இல்லை. மாதிரி சிறியதாக இருப்பதால் வரும் பிழையைக் கணக்கிடச் சூத்திரம் இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர்களால் வரும் பிழைக்கு அப்படி ஒரு சூத்திரம் கிடையாது. இல்லாதவர்களைப் பற்றிய தகவலே நம்மிடம் இல்லாதபோது எதை வைத்துக் கணக்கிடுவது?

மாணவியின் டப்பாவை விட்டுவிட்டு, நாட்டின் மிகக் கவனமான ஆய்வுகளில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21இல் நடந்தது. 6,36,699 குடித்தனங்களில் 7,24,115 பெண்களையும் 1,01,839 ஆண்களையும் பேட்டி கண்டார்கள். முதலில் கிராமங்களையும் நகர வட்டாரங்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே வீடுவீடாகப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலிலிருந்து 22 குடித்தனங்களைச் சீரான இடைவெளியில் எடுப்பார்கள். இவ்வளவும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டிக்குரிய பெண் யார்? 15 வயதிலிருந்து 49 வயதுக்குள் இருப்பவள். அந்த வீட்டில் வசிப்பவள், அல்லது முந்தின இரவு அங்கே தங்கியவள். விருந்தாளியாக வந்தவளுக்குக்கூட இடம் உண்டு. ஐம்பது வயதானவளுக்கு இல்லை.

49 என்ற எண் எங்கிருந்து வந்தது? குழந்தை பெறும் வயது அதோடு முடிகிறது என்ற மக்கள்தொகையியல் வழக்கத்திலிருந்து வந்தது. 1992–93இல் நடந்த முதல் சுற்றில் இந்த வேலி இன்னும் இறுக்கமாக இருந்தது. 13இலிருந்து 49 வயதுக்குட்பட்ட, மணமான அல்லது மணமாகியிருந்த பெண்களிடம் மட்டுமே கேட்டார்கள். 1998–99இல் நடந்த இரண்டாம் சுற்றிலும் மணமாகாத பெண் ஆய்வுக்குரியவளாகவில்லை. 2005–06இல் நடந்த மூன்றாம் சுற்றில்தான் மணமாகாதவர்களும் உள்ளே வந்தார்கள். அதாவது ‘பெண்’ என்ற முழுமைத் தொகுதி முதலில் மனைவி என்று வரையறுக்கப்பட்டது, பிறகு கருத்தரிக்கக் கூடியவள் என்று வரையறுக்கப்பட்டது. கருவுறுதலையும் தாய்சேய் நலத்தையும் அளக்கவென்றே தொடங்கிய ஆய்வுக்கு இந்த எல்லை பொருத்தமானதுதான். அந்த ஆய்வே பிற்பாடு குடும்ப வன்முறைக்கும், சொத்துரிமைக்கும், நடமாடும் சுதந்திரத்துக்கும் அளவுகோலாக மாறியபோது வேலி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 38.1 விழுக்காட்டுப் பெண்கள் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்த எண் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் ‘தமிழ்நாட்டுப் பெண்களில் 38 விழுக்காடு’ என்று புழங்குகிறது. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் அது 18இலிருந்து 49 வயதுவரையுள்ள, மணமான அல்லது மணமாகியிருந்த பெண்களில் 38.1 விழுக்காடு. ஒரு குடித்தனத்தில் ஒரே ஒரு பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டுமே இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அவளுடைய பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, பாராட்ட வேண்டியது. ஆனால் மகன் கையால் அடிவாங்கி, வீட்டுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த அறுபத்திரண்டு வயதுப் பெண் இந்த 38.1இல் இருக்கிறாளா? மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வகுபடும் எண்ணிலும் வகுக்கும் எண்ணிலும் அவள் இல்லை.

45 வயதைக் கடந்தவர்களுக்கென்று ‘இந்திய முதுமை நீள்தொடர் ஆய்வு’ 2017–18இல் நடந்தது, 72,000க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது. வயதின் வேலி அங்கே விலகியது. வீட்டின் வேலி விலகவில்லை. அந்த மாதிரியும் குடித்தனங்களிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

கருப்பையைக் கொண்டு எல்லை கட்டும் பழக்கம் எதிர்த் திசையிலும் வேலை செய்திருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றது. தாலிடோமைட் மருந்தால் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளின் நினைவு அதற்குப் பின்னால் இருந்தது. 1993இல்தான் அந்தத் தடை விலகியது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் பல மருந்துகளின் அளவுகள் ஆண் உடலில் பார்த்து முடிவு செய்யப்பட்டுப் பெண் உடலுக்கும் எழுதித்தரப்பட்டன. இங்கே கருப்பை இருப்பதால் அவள் ஆய்வுக்கு வெளியே. அங்கே கருப்பை ஓய்ந்ததால் வெளியே. பெண் எந்த வயதில்தான் மனிதர் என்ற தொகுதியில் இயல்பாகச் சேர்கிறாள்?

வீடு இல்லாதவர்களை யாருமே எண்ணுவதில்லை என்று சொல்வது சரியாகாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணுகிறது. 2011இல் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு நாடு முழுதும் வீடற்றோரை எண்ணினார்கள். 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்று கணக்கு வந்தது. ஓரிரவில் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. நடமாடுபவர்களை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு தேதியைப் பார்த்தால் முதலில் திதியைப் பார்ப்பார்கள். அந்த மாதப் பௌர்ணமி பிப்ரவரி 18. எண்ணிய இரவு பௌர்ணமி கழிந்து பத்தாம் நாள். அமாவாசையை நெருங்கிக்கொண்டிருந்த தேய்பிறை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான கால்கள் நடக்கும் இரவும், நாய்கள் மட்டும் உலவும் இரவும் ஒன்றல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கே வந்து கையேந்திவிட்டு, மற்ற நாள்களில் வேறு கோயில் வாசலிலோ ரயில் நிலையத்திலோ படுத்துக்கொள்ளும் பெண்கள் எங்கே எண்ணப்பட்டார்கள், எண்ணப்பட்டார்களா? இடத்தைப் போலவே காலமும் வரையறையின் பகுதிதான். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு வந்திருக்கிறது. அப்போதும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் பெண்ணாவது முழுதாக எண்ணப்படுகிறாளா? திருவண்ணாமலையிலிருந்து வடக்கே ஆரணிக்குப் போனால் பட்டுத்தறி ஓசை கேட்கும். தறியில் உட்கார்ந்திருப்பவர் ஆணாக இருந்தால், அதே வீட்டில் ராட்டையில் தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, பாவு போடக் கை கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் மனைவியும் மகளும் மாமியாரும்தான். கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று கணவரிடம் கேட்கிறார், “உங்க வீட்டம்மா என்ன செய்யறாங்க?” “வீட்லதான் சும்மா இருக்கு.” அந்த ஒரு பதிலில் அவள் ‘உழைப்பாளர்’ என்ற தொகுதியிலிருந்து வெளியேறிவிடுகிறாள். தேசிய மாதிரி ஆய்வில் வீட்டு வேலை மட்டும் செய்பவர்களுக்கு 92 என்ற குறியீடு. வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது என்று செய்பவர்களுக்கு 93. இரண்டும் உழைப்புப் படைக்கு வெளியே. குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுகிறவருக்கு 21 என்ற குறியீடு இருக்கிறது. அது உழைப்புப் படைக்கு உள்ளே. தார் சுற்றும் பெண் 21ஆ 92ஆ என்பது, கேள்வி கேட்பவர் கதவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாரா என்பதைப் பொறுத்தது.

அதே பெண் இன்னொரு கணக்கில் தெரிகிறாள். 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 26,73,891 நெசவாளர்களை எண்ணியதோடு, நெசவுக்கு முன்னும் பின்னுமான வேலைகளைச் செய்யும் 8,48,621 துணைத் தொழிலாளர்களையும் தனியாக எண்ணியது. அவள் செய்யும் வேலை மாறவில்லை. ‘துணைத் தொழிலாளர்’ என்றொரு கட்டம் படிவத்தில் இருந்தது, அவ்வளவுதான். அந்த ‘துணை’ என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. தார் இல்லாமல் நாடா ஓடாது. ஆனால் கட்டமே இல்லாத படிவத்தைவிடத் தவறான பெயருள்ள கட்டம் மேல். பெயரைப் பிறகு சண்டை போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட கட்டங்கள் தாமாக வந்தவை அல்ல. 1970களில் தேவகி ஜெயினும் மாலினி சந்தும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் கிராமத்துக் குடும்பங்களில் யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பதிவு செய்தார்கள். “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்ற கேள்வியில் மறைந்துபோன பெண்கள், “காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வியில் வெளிப்பட்டார்கள். 1998–99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் அரசே ஒரு முன்னோட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. பொருளியலாளர் இந்திரா ஹிர்வே அதன் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். நாடு தழுவிய முதல் ஆய்வு வர 2019 ஆயிற்று. 2024இல் நடந்த அடுத்த ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இந்த எண்களை மேடையில் சொல்லும்போது, இவற்றை எண்ணத்தக்கவை ஆக்குவதற்கு ஒரு தலைமுறைப் பெண்கள் வரையறையோடு மல்லுக்கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சமூக அறிவியலின் பாடு, இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நானும் நீண்டகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு வாக்கியம் இருக்கிறது. சங்கப் புலவர்கள் 473 பேர், அவர்களுள் பெண்கள் 41 பேர், எஞ்சிய 432 பேர் ஆண்கள் என்று எழுதி, விழுக்காடும் போட்டிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் ஒருவரும் அதை ஆட்சேபிக்கவில்லை.

41 என்பது நான் எடுத்துக்கொண்ட பட்டியலின் எண். அறிஞர்களின் பட்டியல்கள் முப்பதை ஒட்டித் தொடங்கி நாற்பதைத் தாண்டி வேறுபடுகின்றன. நச்செள்ளை, நன்முல்லை, மாசாத்தி என்று பெயரே பெண்ணென்று காட்டினால் சேர்க்கிறோம். பாரி மகளிர் என்று உறவு சொல்லப்பட்டிருந்தால் சேர்க்கிறோம். ஐயமிருந்தால் ஒருவர் சேர்க்கிறார், ஒருவர் விடுகிறார். பெண்ணாக இருப்பதற்குச் சான்று தேவைப்படுகிறது. எஞ்சிய 432 பேர் ஆண்கள் என்பதற்கு நான் என்ன சான்று காட்டினேன்? ஒன்றும் காட்டவில்லை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார் ஆகியோரின் இயற்பெயர் தெரியாது. அவர்கள் பாட்டில் வரும் தொடரையே பெயராக வைத்தார்கள். ‘ஆர்’ என்னும் மரியாதை விகுதி பாலைச் சொல்லாது. அவர்களை ஆண் என்ற கட்டத்தில் நான் போட்டதற்கு ஒரே காரணம், அவர்கள் பெண் என்று யாரும் சொல்லாததுதான். போதாக்குறைக்கு, சங்கப் பாடல்கள் 2,381இல் 102 பாடல்களுக்குப் பாடியவர் பெயரே இல்லை. அவற்றை என் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நான் செய்திருக்க வேண்டியது எளிது. பெண் என்று தெரிந்தவர்கள், ஆண் என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று மூன்று கட்டம் போட்டிருக்க வேண்டும். தெரியாததை ஆணுக்கு எழுதிவைப்பது நம் புலமையின் பழைய வழக்கம். அதற்கும் கீழே இன்னோர் அடுக்கு இருக்கிறது. தொகை நூல்கள் பாடியவர்கள் அனைவரின் பட்டியல் அல்ல. தொகுத்தவர்கள் தேர்ந்தெடுத்த, ஏட்டில் எழுதப்பட்ட, கறையானுக்குத் தப்பிய பாடல்களின் பட்டியல். பாடிய பெண்கள் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. தொகுக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பது வேறொரு கேள்வி. நான் இரண்டாவதற்கு விடை கண்டு முதலாவதற்கு எழுதிவிட்டேன். மாணவியின் டப்பாவைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு வந்தது இந்தத் தவறிலிருந்துதான்.

பெண்ணியம் இந்தத் தவறுக்கு வெளியே நிற்கவில்லை. அறவுணர்வு எப்படி வளர்கிறது என்ற கோட்பாட்டை லாரன்ஸ் கோல்பர்க் சிறுவர்களை மட்டும் ஆராய்ந்து உருவாக்கினார். அந்த அளவுகோலில் பெண்கள் ஒரு படி தாழ்வாகத் தெரிந்தார்கள். தாழ்ந்திருப்பது பெண்களா, அளவுகோலா என்று கரோல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட நூலில் கேட்டது நமக்குப் பெருந்துணை. ஆனால் அவர் கேட்ட பெண் குரல்கள் யாருடையவை, பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கப் பெண்களுடையவைதானே என்ற கேள்வி அவரை நோக்கியும் வந்தது. அதே கேள்வி நம் பக்கமும் திரும்ப வேண்டும். இம்மாதிரித் தொகுப்புகளில் ‘நாம்’ என்று எழுதுகிறோமே, அந்தப் பானையில் யார் இருக்கிறார்கள்? ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பெண்ணும், ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் பெண்ணும், எண் இல்லாத தெருவில் வாழும் அருந்ததியர் பெண்ணும், கல்லூரி ஆசிரியையான நானும் ஒரே தண்ணீரில் வேகவில்லை.

இதற்கு முறையியலில் வழி இருக்கிறது. வேறுபடும் பிரிவுகளை முன்கூட்டியே தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் மாதிரி எடுக்கலாம். மக்கள்தொகை விகிதப்படி எடுத்தால் இருநூறு பேரில் இருளர் பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் தேறமாட்டார்கள். இரண்டு பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே சிறிய பிரிவிலிருந்து வேண்டுமென்றே கூடுதலாக, முப்பது நாற்பது பேரை எடுத்துப் பேசிவிட்டு, மொத்தத்துக்கு எண் சொல்லும்போது மட்டும் அவர்களின் எடையைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். இதில் ஓர் அறமும் உண்டு. எண்ணிக்கையில் சிறியவர்களின் சொல்லைக் கேட்கக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்று கணக்கே சொல்கிறது.

அத்தனைக்கும் பட்டியல் வேண்டுமே, பட்டியலில் ஏறாதவர்களை எப்படி எடுப்பது என்று மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அவர்களை வீட்டைக் கொண்டு தேடாமல், அவர்கள் கூடும் இடத்தையும் நேரத்தையும் கொண்டு தேடும் முறை ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி. கண்காணிப்பு போன்ற ஆய்வுகளில் பல நாடுகளில் பயன்படுகிறது. ஆட்களின் பட்டியலுக்குப் பதிலாக இட–நேரப் பட்டியல் போட வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பட்டியல் பாதி தயாராகவே இருக்கிறது. கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் என்று எட்டு இடங்கள். விடிகாலை, நண்பகல், இரவு என்று மூன்று நேரம். பௌர்ணமி, அமாவாசை, சாதாரண நாள் என்று மூன்று வகை நாள். எட்டையும் மூன்றையும் மூன்றையும் பெருக்கினால் 72 கட்டங்கள். சீட்டுக் குலுக்க வேண்டியது இங்கேதான். விழுந்த கட்டத்துக்குப் போய் அங்கிருக்கும் பெண்களில் நான்காமவர் எட்டாமவர் என்று வரிசைப்படி பேசலாம். எப்போதும் அங்கேயே இருப்பவள் மாதிரியில் விழும் வாய்ப்பு அதிகம், எப்போதாவது வருபவளுக்குக் குறைவு. எனவே ‘மாதத்தில் எத்தனை நாள் இங்கே இருப்பீர்கள்?’ என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் அந்த எடையையும் திருத்தலாம். அப்படியும் சிலர் விடுபடுவார்கள். யார் விடுபட்டார்கள் என்று முதல் இயலிலேயே எழுதிவிட வேண்டும். பின்னிணைப்பில் ஒளித்துவைக்கக் கூடாது.

அவள் தலைப்பை மாற்றவில்லை. குழுப் பட்டியலையும் விடவில்லை. அது ஓர் அடுக்காயிற்று. கிரிவலப் பாதை இன்னோர் அடுக்காயிற்று. முதல் நாள் குலுக்கியதில் எம லிங்கம், இரவு, சாதாரண நாள் என்று விழுந்தது. தனியாகப் போகத் தயங்கியதால் நானும் உடன் போனேன்.

மூடிய கடையொன்றின் படியருகே மூன்று கல் வைத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுற்றி மூன்று வயதான பெண்கள். ஒருவர் செய்யாறு பக்கம், ஒருவர் கள்ளக்குறிச்சி பக்கம், ஒருவர் எந்த ஊர் என்று சொல்லவில்லை. மாணவி படிவத்தை விரித்தாள்.

“உங்க குடும்பத்துல எத்தனை பேரு பாட்டி?”

“மூணு பேரும்மா” என்றார் அடுப்பூதிக்கொண்டிருந்தவர்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளைச் சொல்கிறார் என்று நினைத்து, பெயரும் வயதும் கேட்டாள். அவர் மற்ற இருவரையும் கைகாட்டினார்.

மாணவி என் பக்கம் திரும்பினாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடித்தனத்தை எப்படி வரையறுக்கிறது என்று வகுப்பில் படித்திருந்தோம். வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். ரத்த உறவு வேண்டும் என்று அதில் இல்லை. கதவு வேண்டும் என்றும் இல்லை. வரையறைப்படி இது முழுமையான குடித்தனம். கதவெண்களைக் கொண்டு போட்ட பட்டியல்களில்தான் இதற்கு இடமில்லை.

அடுத்த கட்டம், குடும்பத் தலைவர். கேட்கலாமா என்று தயங்கிக் கேட்டாள்.

“தலைவரா?” பாட்டி சிரித்தார். “இன்னைக்கு அடுப்பு என் முறை. நாளைக்கு அவ.”

என்ன எழுதுவது மேடம் என்றாள். அவங்க சொன்னதையே எழுது என்றேன்.